வெறும் சட்டைப்பை கண்ணில் படமாட்டேன் என்கிறது, யோசனை தேவை

14 நிமிடக் குறும்படம். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், மனைவி போன பிறகு மெல்ல உடைவதை வசனத்தில் சொல்லாமல் காட்ட வேண்டும். நம்பியது இரண்டை: மெல்லப் பழசாகிக்கொண்டே போகும் வெள்ளைச் சட்டை, அப்புறம் பேசும்போதெல்லாம் பையிலிருக்கும் பேனாவைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். கடைசிக் காட்சியில் பேனா இருக்காது. விரல் மட்டும் வெறும் பையைத் தடவிவிட்டு இறங்கும்.

ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினோம். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. சட்டையும் கடைசிவரை புதுசாகவே தெரிகிறது.

டீ டிகாஷனில் ஒரு இரவு ஊறவைத்தேன். பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் என்பதால் சாயம் ஏறவில்லை (பருத்தி வாங்கியிருக்க வேண்டும், என் தப்புதான்). காலர் மடிப்பை உப்புத்தாளால் தேய்த்தேன். நூல் பிரிந்தது, ஆனால் வெயிலில் வெள்ளை கண்ணைக் கூசவைத்து எல்லாம் அடிபட்டுப்போனது. ஒரு பட்டனை மட்டும் வேறு நிறத்தில் தைத்தது கொஞ்சம் எடுபட்டது. பைக்கு க்ளோசப் வைத்தால், 'இங்கே பார்' என்று விரல் நீட்டிச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

மறுபடி எடுக்க வரும் ஞாயிறு ஒரு நாள்தான். மாயவரத்தில் ஓட்டு வீட்டுத் திண்ணை, காலை வெளிச்சம். சோனி ஏ7 3 கேமரா, 50 எம்எம் லென்ஸ்.

க்ளோசப் இல்லாமல், இடுப்புக்கு மேல் தெரியும் மிட் ஷாட்டிலேயே அந்த வெறும் பையைப் பார்ப்பவர் கவனிக்க என்ன செய்யலாம்?