பிள்ளைகள் விளையாட்டில் அரட்டையை (சாட்) கவனிப்பது மெஷினா, ஆளா?

தேன்மொழி_கோவை:
மகன் ஆறாவது படிக்கிறான். ஆன்லைனில் வீடு கட்டும் விளையாட்டு ஒன்று. "5 மணிக்கு வாடா" என்று அடித்தால் அந்த 5 மட்டும் #### ஆகிவிடுகிறது. அதே ரூமில் ஒருவன் தமிழ்க் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான், அது ஜம்மென்று வந்து நிற்கிறது! ரிப்போர்ட் செய்தால் அடுத்த நொடியே "விதிமீறல் இல்லை" என்று பதில். மனுஷர் யாராவது பார்க்கிறார்களா, இல்லையா?

கொசுவர்த்தி:
பார்த்தாலும் அவருக்குத் தமிழ் தெரிய வேண்டுமே அக்கா.

நைட்ஷிப்ட்_முருகன்:
மேடம், ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் இதே வேலை பார்த்தவன் நான். எண்ணை மறைப்பது போன் நம்பர், வயசு வெளியே போகாமல் இருக்க. அது மெஷினுக்குச் சுலபம். அதனிடம் சிக்காதது வேறு. "காயின் தரேன்", "எந்த ஸ்கூல்?", "வேற ஆப்புக்கு வா". தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. மூன்றும் ஒரே ஆளிடமிருந்து ஒரே பிள்ளைக்குப் போயிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கேதான் ஆள் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் ஆளே பார்ப்பது கட்டுப்படியாகாது. 2010இல் வந்த லெகோ யுனிவர்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டில் பிள்ளைகள் கட்டியதை மனிதர்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஆபாச உருவத்தைக் கண்டுபிடிக்க மென்பொருள் எழுதிப் பார்த்தும் சரிவரவில்லை. ஆள் செலவு எகிறியது. 2012 ஜனவரியில் விளையாட்டையே மூடிவிட்டார்கள்.

கொசுவர்த்தி:
அப்போ டைப் பண்ணவே விடாமல், ரெடிமேட் வாக்கியம் மட்டும் கொடுத்துவிட்டால்?

நைட்ஷிப்ட்_முருகன்:
டிஸ்னி 2003இல் டூன்டவுன் என்ற ஆன்லைன் விளையாட்டில் அதைத்தான் செய்தது தம்பி. மனம்போல் பேச வேண்டுமென்றால் ரகசியக் குறியீட்டை விளையாட்டுக்கு வெளியே பரிமாறிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுக்குள் இருந்த வீட்டுச் சாமான்களை எழுத்து, எண் வடிவத்தில் அடுக்கியே குறியீட்டைச் சொல்லிவிட்டார்கள். கெட்டிக்காரப் பசங்க!

மேடம், மறுபடி ரிப்போர்ட் செய்யும்போது அந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்க்க வழியிருந்தால் சேருங்கள். சாட் செட்டிங்கை "நண்பர்கள் மட்டும்" என்று மாற்றுங்கள்.

தேன்மொழி_கோவை:
மாற்றிவிட்டேன் சார். லிஸ்டைத் திறந்தால் இருநூறு நண்பர்களுக்குப் பக்கம் இருக்கிறார்கள். யாரை வைப்பது, யாரை எடுப்பது?

நைட்ஷிப்ட்_முருகன்:
கிளாஸ், அபார்ட்மெண்ட், சொந்தக்காரப் பிள்ளைகள் மட்டும் இருக்கட்டும். மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே எடுத்தால் மறுநாள் திரும்பச் சேர்த்துவிடுவான்.