பிளைவுட் வெட்ட சின்ன பேட்டரி சர்க்குலர் சா: 85 மி.மீ. பிளேடு போதுமா?

தங்கச்சிமடம்_மரவேலை:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் தனியாளாக மரவேலை செய்கிறேன். அலமாரி, கட்டில், சமையலறைத் தட்டு என்று வீட்டு வேலைதான் அதிகம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அந்த 61 நாளும் படகு வேலை வரிசையாக வரும். வெட்டுவது பெரும்பாலும் 12, 18 மி.மீ. பிளைவுட், இடையில் கொஞ்சம் பிவிசி போர்டு.

இப்போது கையில் இருப்பது 110 மி.மீ. மார்பிள் கட்டர், அதில் மரம் வெட்டும் பிளேடு மாட்டி ஓட்டுகிறேன். கரையில் கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் எட்டுக்கு நாலு ஷீட்டை லோடு ஆட்டோவில் கட்டி பாம்பன் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவருவதே பெரும்பாடு, அப்படி வந்த ஷீட்டில் ஓரம் முழுக்க சிலும்பு எழுந்து நின்றால் வயிறு எரிகிறது.

பேட்டரி மெஷின் ஒன்று வாங்கலாம் என்று முடிவு. மகிதா, போஷ் இரண்டிலும் 12 வோல்ட்டில் 85 மி.மீ. பிளேடு போட்ட குட்டி மெஷின் இருக்கிறது, ஒன்றரை கிலோ பக்கம்தான் எடை. அதுவே போதுமா, இல்லை 18 வோல்ட்டில் 165 மி.மீ. எடுப்பதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_தச்சு:

தம்பி, அந்த 85 மி.மீ. மெஷின் இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. நல்ல மெஷின், ஒரு கையில் பிடித்து ஓட்டலாம், மாடிக்குத் தூக்கிப்போக சுகம். ஆனால் வாங்கும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நேராக வெட்டினால் 26 மி.மீ. வரை இறங்கும். 18 மி.மீ. ஷீட்டுக்குத் தாராளம்தானே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. எட்டடி நீளத்தைக் கண்ணளவில் நேராக ஓட்ட முடியாது என்று கைடு செய்தேன்: அடியில் 6 மி.மீ. பிளைவுட் பட்டை, அதன்மேல் நேரான ஒரு பட்டியை ஒட்டி, மெஷினைப் பட்டியில் உரசவிட்டு ஒருமுறை ஓட்டினால் அடிப்பட்டையின் ஓரமே வெட்டுக் கோடாகிவிடும், அதைப் பென்சில் கோட்டில் வைத்தால் முடிந்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் மெஷின் அந்த 6 மி.மீ. பட்டைமேல் ஏறி நிற்கிறது, அவ்வளவு ஆழம் போய்விட்டது. 18-ம் 6-ம் 24, பல் கீழே எட்டிப்பார்க்க 2 மி.மீ., ஆக மொத்தம் 26. சொட்டு மிச்சமில்லை. ஷீட் கொஞ்சம் வளைந்திருந்தால் நடுவில் அறுபடாமல் தோல்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்போது அடிப்பட்டையை 4 மி.மீ.க்கு மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று, 45 டிகிரி சாய்த்தால் 16, 17 மி.மீ.தான் இறங்கும். 18 மி.மீ. ஷீட்டில் மூலை சேர்க்கும் வேலை இருந்தால் இந்த மெஷினை மறந்துவிடுங்கள்.

வேகமும் வேறு. குட்டி மெஷின் நிமிடத்துக்கு 1500 சுற்று பக்கம், 165 மி.மீ. மெஷின்களில் 5000 வரை போகிறது. பிளேடும் சின்னது, சுற்றும் கம்மி, அதனால் தள்ளாமல் பொறுமையாகக் கூட்டிப்போக வேண்டும். அவசரப்பட்டால் திணறி நின்றுவிடும்.

மண்டபம்_படகுவேலை:

மெஷின் எதுவானாலும் முதலில் அந்த மார்பிள் கட்டரில் மரம் வெட்டுவதை நிறுத்துங்கள் தம்பி, தயவுசெய்து. அது நிமிடத்துக்கு 12000, 13000 சுற்று ஓடும் மெஷின், கீழே பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு மூடி கிடையாது. வெட்டி முடித்து கீழே வைக்கும்போதும் பிளேடு திறந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். என்னோடு வேலை பார்த்த பையனுக்கு வேட்டி மடிப்பில் இழுத்துவிட்டது, தொடையில் எட்டுத் தையல். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கை கூசும்.

படகு வேலைக்கு என் அனுபவம் இது. 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டில் பசை கெட்டி, பிளேடு சீக்கிரம் மழுங்கும். அதைவிட மோசம் மணல். கரையில் ஷீட்டைப் போட்டு வைத்தால் கச்சான் காற்று அரை மணி நேரத்தில் மெல்லிசாக ஒரு படலம் போட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் நெறுநெறு என்று படும். அதோடு வெட்டினால் புதுப் பிளேடுகூட ஒரே நாளில் போய்விடும். நான் தென்னை ஈர்க்கு விளக்குமாறால் தட்டி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மெஷினை எடுப்பேன். பழைய பலகையை வெட்டும் முன் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஃபைபர் படகை இந்த மெஷினால் தொடவே வேண்டாம், கண்ணாடி நார்த் தூள் பிளேடையும் கெடுக்கும், மெஷினுக்குள்ளும் போகும், நெஞ்சுக்கும் ஆகாது.

தங்கச்சிமடம்_மரவேலை:

அண்ணே, தையல் என்று படித்ததும் கட்டரைப் பெட்டியில் போட்டுவிட்டேன், இனி அது டைல்ஸுக்கு மட்டும்தான். 45 டிகிரி வேலை எனக்கு உண்டு. அப்படியானால் 165-தானா? மூன்று கிலோவுக்கு மேல் இருக்கிறதே, மாடியில் தனியாக நின்று நாள் முழுக்கப் பிடிக்க வேண்டும்.

கீழக்கரை_தச்சு:

நடுவில் ஒன்று இருக்கிறது. மகிதாவில் டிஎஸ்எஸ்501 என்று 18 வோல்ட், 136 மி.மீ. பிளேடு, 50 மி.மீ. சொச்சம் இறங்கும். சாய்த்தாலும் 18 மி.மீ. தாராளமாக அறுபடும், கைடு எத்தனை தடிமன் என்ற கவலையே இல்லை. உங்கள் வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பேட்டரியில் வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். 12 என்று எழுதியிருப்பதும் 10.8 என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான், 20 மேக்ஸ் என்பதும் 18-தான். வோல்ட்டை ஆம்பியர் அவரால் (ஆ) பெருக்குங்கள், பேட்டரியில் எவ்வளவு சக்தி நிற்கும் என்று தெரியும்: 10.8 வோல்ட் 2 ஆ என்றால் 21.6 வாட் அவர், 18 வோல்ட் 5 ஆ என்றால் 90. நாலு மடங்கு. கரண்ட் இல்லாத கரையில் அந்த நாலு மடங்குதான் பேசும். ட்ரில் மெஷின் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியில், அதே வோல்ட்டில் எடுத்தால் பேட்டரி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், செலவு குறையும்.

சிலும்புக்கு வருகிறேன். இந்த மெஷினில் பல் கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு வரும், அதனால் பிசிறு மேல்பக்கம்தான் எழும். நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். பல் ஷீட்டுக்குக் கீழே 2, 3 மி.மீ. தெரிந்தால் போதும், முழுசாக இறக்காதீர்கள். அப்புறம், பெட்டியோடு வரும் பிளேடில் பல் குறைவாக இருந்தால் பிளைவுட்டுக்கென்று பல் அதிகமான ஒன்று தனியாக வாங்குங்கள்.

மண்டபம்_படகுவேலை:

அதோடு அடியில் தெர்மக்கோல் போடுங்கள். இரண்டு ஸ்டூலில் ஷீட்டை வைத்து நடுவில் வெட்டினால் பாதி வழியில் ஷீட் தொங்கி பிளேடைக் கவ்வும், மெஷின் பின்னால் உதைக்கும். தரையில் 2 அங்குல தெர்மக்கோலை விரித்து அதன்மேல் முழு ஷீட்டையும் போட்டுவிட்டால் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும், தனியாளுக்கு இதைவிட வசதி இல்லை.

உப்புக்காற்றுக்கு: சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, இரண்டு பக்க முனையையும் காய்ந்த துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஒருமுறை இரவெல்லாம் படகிலேயே விட்டுவிட்டேன், காலையில் முனையில் பச்சை பூத்திருந்தது. வெயிலில் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும்.

தங்கச்சிமடம்_மரவேலை:

ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். என் ட்ரில்லும் மகிதா 18 வோல்ட்தான், அதனால் 136 மி.மீ. மெஷின் மட்டும் வாங்கி, 5 ஆ பேட்டரி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மதுரை போகிறேன், பிளேடும் அங்கேயே பார்த்துவிடுவேன். 4 மி.மீ. பிளைவுட் வீட்டில் துண்டு கிடக்கிறது, கைடுக்கு ஆகும்.