பிரீமியர் லீக் கிளப்புகளின் நட்டக் கணக்கு: ஒரு சந்தேகம்

மேற்கு அரங்கு:
ஒளிபரப்பு உரிமத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அளவுக்குச் சம்பாதிக்கும் கால்பந்து லீக் உலகில் வேறில்லை. ஆனாலும் அதன் கிளப்புகளில் பல நட்டக் கணக்கே காட்டுகின்றன. 2023-24 பருவத்தில் நட்ட வரம்பை மீறியதாக எவர்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் புள்ளிகளை வெட்டினார்கள். என்சோ பெர்னாண்டஸ் என்ற ஒரு வீரரை வாங்கவே 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்த செல்சி கிளப்புக்கு அப்போது எதுவும் நேரவில்லை. இது எப்படி?

பேரேடு:
மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம் என்பதே விதி. அதில் 9 கோடியை உரிமையாளர் முதலீடாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். வீரரை வாங்கிய விலை ஒரே ஆண்டில் செலவாக எழுதப்படுவதில்லை, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பகிர்ந்தே எழுதப்படுகிறது. என்சோவின் ஒப்பந்தம் எட்டரை ஆண்டு என்பதால், ஐந்தாண்டு ஒப்பந்தமாக இருந்தால் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் விழுந்திருக்கும் செலவு, ஏறத்தாழ 1.25 கோடியாகச் சுருங்கியது. இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் 2023 டிசம்பரில் ஐந்தாண்டு உச்சவரம்பு வந்தது. போதாததற்கு, செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் உரிமையாளர்களின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்றுக் கணக்கை நேர்செய்துகொண்டது.

இடதுபின்காவலர்:
ஃபாரஸ்டின் கதை வேறு. கிளப் தன் அகாதமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்த்த வீரருக்குக் கொள்முதல் விலை என்று ஏதும் இல்லாததால், அவரை விற்றுக் கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் லாபமாகவே பதிவாகும். அப்படிப்பட்ட பிரென்னன் ஜான்சனை ஜூன் 30க்குள் விற்றிருந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் வந்திருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பர் 1ஆம் தேதி டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள்; நல்ல விலைக்காகத்தான் காத்திருந்தோம் என்ற வாதத்தை விசாரணை ஆணையம் ஏற்காமல் நான்கு புள்ளிகளை வெட்டியது. அவசரப்பட்டு மலிவாக விற்பதே புத்திசாலித்தனம் என்று சொல்லும் விதி, கிளப்பின் நிதிநலனைக் காக்கிறதா என்பது எனக்குப் புரியவில்லை.

பேரேடு:
உண்மையான ஆபத்து உரிமையாளரை நம்பியிருப்பதில்தான் இருக்கிறது. 2022இல் பிரிட்டிஷ் அரசு தடை விதித்த, செல்சியின் அப்போதைய உரிமையாளர் அப்ரமோவிச், தான் கிளப்புக்குக் கொடுத்திருந்த சுமார் 150 கோடி பவுண்டு கடனைத் திருப்பிக் கேட்டிருந்தால், கிளப் எங்கே போயிருக்கும்? 2010இல் போர்ட்ஸ்மவுத் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனபோது அதைக் கைதூக்கிவிட அப்படி ஒரு செல்வந்தர் இல்லை.

மேற்கு அரங்கு:
இருவருக்கும் நன்றி. 2026-27 முதல் அணிச் செலவை (வீரர் சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு போன்றவை) வருவாயில் 85 சதவீதத்துக்குள் அடக்கும் புதிய விதி வருகிறதே, அது இந்த அகாதமி விற்பனையைத் தடுக்குமா?

இடதுபின்காவலர்:
தடுக்காது. வீரர் விற்பனை லாபமும் அந்த வருவாய்க் கணக்கில் சேர்கிறது.