குல்மார்க் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். ஜனவரியில் குடும்பத்தோடு காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். பையனுக்கு ஸ்கீயிங் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவன் பார்த்த பனியெல்லாம் எங்கள் வீட்டு ஃப்ரீசரில்தான்.

இதற்கு முன் மணாலி போனபோது ஸ்வெட்டர் வைத்திருந்த பெட்டி மட்டும் விமானத்தில் வந்து சேரவில்லை. சோலாங்கில் அப்பாவின் கம்பளி சாக்ஸை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு பனியில் விளையாடினான். அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரு செட் கைப்பையிலேயே.

வேளச்சேரி, அடையாறு பக்கம் பனி ஜாக்கெட், பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்குமா? வாங்கி, அப்புறம் பரணில் போட மனசு வரவில்லை. குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுக்கலாம், சரி, எட்டு வயதுக்கு அளவு கிடைக்கிறதா?

அங்குள்ள கோண்டோலாவின் (கேபிள் கார்) இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம். பிரஷர் மாத்திரை போடும் மாமியாரை முதல் கட்டத்தோடு நிறுத்திவிடலாமா? டாக்டரிடமும் கேட்போம். (அவர் என்னவோ உச்சிவரை போகத் தயார்!)

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு போஸ்ட்பெய்ட். பனியில் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், டெல்லியிலிருந்து சென்னை டிக்கெட்டை என்ன செய்தீர்கள்? சேர்த்தே எடுப்பதா, தனித்தனியாகவா? இந்த வாரக் கடைசியில் புக் செய்யப்போகிறோம்.