"தாக் குனா"வுக்கு ஆங்கிலத்தில் என்ன?

நான் வளர்ந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். 1990-களின் தொடக்கம். தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில், எங்களை மாதிரி வருகிறவர்கள் மலாய்க்குப் பழக வைத்திருந்த ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் இரவு ஆங்கிலப் படம் போட்டால் கீழே மலாய் எழுத்து ஓடும். என் ஆங்கிலம் அங்கேதான் தொடங்கியது, அதுவும் பாதிச் சத்தத்தில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். "டேய், சத்தத்தைக் குறைடா, நாலு மணிக்கு எந்திரிக்கணும்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும்.

மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் குட்டி 555 நோட்டு, அதில் ஒன்று என்னிடம் இருந்தது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே மலாயைக் குறித்துக்கொள்வேன். போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டி "ஃப்ரீஸ்" என்றால் கீழே "ஜாங்ஙான் பெர்கெராக்". சரி, அசையாதே. ஐஸ்பெட்டி ஃப்ரீசரும் இதுவும் ஒரே சொல்தான் என்று பிடிபட ஒரு வருஷம் ஆனது. அகராதியில் தேடுவது இன்னும் பெரிய பாடு. 'நைஃப்' எங்கே என்று ஒரு மாலை முழுக்க 'என்' எழுத்துச் சொற்களாகப் பார்த்துப் புரட்டினேன். அது 'கே' எழுத்தில் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது?

மலாய் எழுத்தில் அடிக்கடி வருவது "தாக் குனா". நேர்ப்பொருள், உபயோகமில்லாதது. கதாநாயகன் வில்லனை ஆங்கிலத்தில் எப்படித் திட்டினாலும் கீழே இதே இரண்டு சொல்தான். என் நோட்டில் அதற்கு நேராக நாலு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்துவிட்டன.

ஒருநாள் ஆங்கில ஆசிரியை ஒடிந்த குடையைக் காட்டி, "தாக் குனாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?" என்றார். முதலில் கை தூக்கியவன் நான். நாலில் எனக்குப் பிடித்ததைச் சொன்னேன், படத்தில் வந்த அதே உறுமலோடு. அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். வகுப்புக்கு வெளியே நின்றபோதுகூட என் தப்பு விளங்கவில்லை. உச்சரிப்பு சரியில்லையோ என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நோட்டில் இன்னொரு கோடு போட்டேன்: யார், யாரிடம், என்ன கோபத்தில் சொன்னது. எனக்குப் பொருளைவிட அதுதான் உதவியது.

இப்போது மகளிடம் ஒரே காட்சியை மூன்று தடவை பார்க்கச் சொல்கிறேன்: முதலில் மலாய் எழுத்தோடு, அடுத்து ஆங்கில எழுத்தோடு, பிறகு எழுத்தே இல்லாமல். மூன்றாவதுக்குள் தூங்கிவிடுகிறாள்.

அந்த 555 இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் விட்ட பக்கங்களில் அம்மா கடைப் பாக்கி எழுதியிருக்கிறார். என் கடைசி ஆங்கிலச் சொல்லுக்குக் கீழேயே, "நெத்திலி, 2 வெள்ளி".