வட்டம் போட்டால் முட்டையாக வருகிறது, அவசரம், உதவுங்கள்

மைதீர்ந்தபேனா (இரவு 10.52)
வணக்கம். டிஜிட்டலில் வரையக் கற்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பேனாவால் வட்டம் போட்டால் படுக்கவைத்த முட்டை மாதிரி வருகிறது. அழுத்தினாலும் லேசாக இழுத்தாலும் கோடு ஒரே தடிமன்தான். பாடம் எடுப்பவரின் கோடு மெலிசாகத் தொடங்கி நடுவில் தடித்து முடிவில் முடி மாதிரி மெலிகிறது. என்னுடையது கரண்ட் ஒயர் மாதிரி கிடக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குப் பிறந்தநாள், அதற்குள் ஒரு படம் முடிக்க வேண்டும்.

இன்ஸ்டால்குமார் (10.58)
எந்த டேப்லெட்? எந்த சாஃப்ட்வேர்? விண்டோஸா, மேக்கா? ஒன்றும் சொல்லவில்லையே. எதுவாக இருந்தாலும் டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் காரணம். பழையதை நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, புதிதாகப் போடுங்கள்.

கித்தான் (11.06)
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கருவியில் கோளாறு இல்லை, கையில்தான். தினம் 100 வட்டம், தாளில், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து போடுங்கள். மூன்று மாதம் கழித்து டேப்லெட்டைத் தொடுங்கள். அடிப்படை இல்லாமல் பேனாவை வாங்கிவிட்டு மென்பொருளைக் குறை சொல்வது இப்போதைய வழக்கம்.

வாழைமட்டை (11.09)
ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் என்கிறார், நீங்கள் மூன்று மாதம் கேட்கிறீர்கள்.
@மைதீர்ந்தபேனா, ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்கள் தம்பி. கோடு நடுங்காது. எனக்கு அதுதான் கைகொடுத்தது.

நெல்லைநீலம் (11.15)
பேசாமல் ஐபேட் வாங்கிவிடுங்கள். திரையிலேயே வரையலாம், இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இன்ஸ்டால்குமார் (11.16)
@நெல்லைநீலம், நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

மைதீர்ந்தபேனா (11.31)
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. கிருதா என்ற வரையும் மென்பொருள், விண்டோஸ் 11, திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட் (பலகைமேல் வரைந்தால் லேப்டாப் திரையில் கோடு விழும்). டிரைவரை இரண்டு முறை நீக்கிப் போட்டுவிட்டேன்.
@வாழைமட்டை, தம்பி இல்லை, எனக்கு 47 வயது. ஸ்டெபிலைசர் லேப்டாப்புக்கும் வேண்டுமா? டிவிக்கு மட்டும்தான் இருக்கிறது. பாடம் பெரிதாகத் தெரியட்டும் என்று லேப்டாப்பை டிவியோடு கேபிளில் இணைத்திருக்கிறேன். கரண்ட் ஏறி இறங்குவதால் கோடு கெடுமா?

வாழைமட்டை (11.34)
ஐயோ அக்கா, அந்த ஸ்டெபிலைசர் இல்லை! கிருதாவில் பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்ததும் டூல் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பகுதி வரும். அதில் ஸ்மூதிங் என்ற இடத்தில் பேசிக் என்றிருப்பதை ஸ்டெபிலைசர் என்று மாற்ற வேண்டும். கோடு பேனாவுக்குக் கொஞ்சம் பின்னால் இழுபட்டு வரும், ஆனால் வழவழவென்று வரும்.

கித்தான் (11.37)
ஸ்டெபிலைசர் நடக்கத் தெரியாதவனுக்கு நடைவண்டி. விகடனுக்குக் கோபுலு வரைந்த காலத்தில் ஸ்டெபிலைசர் இருந்ததா, கன்ட்ரோல் இசட்தான் இருந்ததா?

நெல்லைநீலம் (11.40)
கன்ட்ரோல் இசட் இல்லை, வெள்ளை பெயின்ட் இருந்தது. என் மாமா பத்திரிகை லேஅவுட்டில் இருந்தவர். அச்சுக்கு வரும் அசல் படங்களைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வெள்ளை பூசிய திட்டுகள் மேடுமேடாகத் தெரியும் என்பார். கோபுலு திருத்தினார் என்று நான் சொல்லவில்லை. திருத்துவது கேவலம் இல்லை என்கிறேன்.

வாழைமட்டை (11.43)
ஓவியர் டேவிட் ஹாக்னி 1937இல் பிறந்தவர். 2010இல் ஐபேட் வந்ததும் அதில் வரைய உட்கார்ந்துவிட்டார். அவரையும் தாளுக்குத் திருப்பி அனுப்புவீர்களா?

கித்தான் (11.46)
அவர் அதற்கு முன் ஐம்பது வருடம் தாளிலும் கித்தானிலும் வரைந்தவர். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

ஐந்தாவதுலேயர் (11.52)
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர் டிவி என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லையா?
அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். டிவியில் தெரிவதும் லேப்டாப்பில் தெரிவதும் ஒரே படமா, வேறுவேறா? பேனாவை டேப்லெட்டின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் அம்புக்குறி எங்கே போகிறது? டேப்லெட்டில் வரையும் பகுதி எத்தனை அங்குலம்?

மைதீர்ந்தபேனா (12.04)
வேறுவேறு. டிவியில் பாடம், லேப்டாப்பில் கிருதா. அளவு 10 × 6.25 என்று டப்பாவில் போட்டிருக்கிறது. வலது பாதி வேலை செய்யாது, வாங்கிய அன்றிலிருந்தே செத்துக் கிடக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டினால் அம்புக்குறி காணாமல் போய்விடும். இடது பாதியிலேயே சமாளிக்கிறேன். ரிட்டர்ன் போட்டிருக்கிறேன், நாளை எடுக்க வருகிறார்கள். இதற்கும் வட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

இன்ஸ்டால்குமார் (12.05)
பாதி டேப்லெட் வேலை செய்யாததை ஒரு மணி நேரம் கழித்துச் சொல்கிறாரே!

ஐந்தாவதுலேயர் (12.13)
ரிட்டர்னை ரத்து செய்யுங்கள். டேப்லெட் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் வலது பாதி உங்கள் டிவியில் இருக்கிறது.
இரண்டு திரையும் 1920 × 1080 என்றால், கணினிக்கு அது 3840 × 1080 உள்ள ஒரே நீளத் திரை. 10 அங்குலப் பலகையை அதன்மேல் முழுதாக விரித்திருக்கிறது. கையால் உருண்டையாகப் போடும் வட்டம் திரையில் உயரத்தைவிட 2.2 மடங்கு அகலமாக விழும். முட்டைக்குக் காரணம் அதுதான். மூன்று மாதம் தாளில் போட்டுப் பழகினாலும் அது முட்டைதான்.
டிவியைக் கழற்ற வேண்டாம். டேப்லெட்டின் டிரைவர் செட்டிங்கைத் திறந்தால் எந்தத் திரைக்கு என்று கேட்கும் இடம் இருக்கும். லேப்டாப் திரையை மட்டும் கொடுங்கள். பாடம் டிவியில் அதுபாட்டுக்கு ஓடும்.
அதற்குப் பிறகும் வட்டம் லேசாக அகலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பலகையின் அகல உயர விகிதம் 16:10, திரையின் விகிதம் 16:9. டிரைவரிலேயே விகிதத்தைத் திரைக்குப் பொருத்தும் வசதி இருக்கும், அதை டிக் செய்யுங்கள். 6.25 அங்குல உயரத்தில் 5.6 மட்டும் வேலை செய்யும், மிச்சம் சும்மா கிடக்கும். கிடக்கட்டும்.
அழுத்தம் தனிக்கதை. இப்போது எந்த பிரஷ்?

மைதீர்ந்தபேனா (12.21)
பேசிக்-1. பெயரே அடிப்படை என்கிறதே, முதலில் அதைத்தான் பழக வேண்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாவதுலேயர் (12.24)
அது அழுத்தத்தைக் கண்டுகொள்ளாத பிரஷ். எவ்வளவு அழுத்தினாலும் அதே தடிமன்தான். பேசிக்-5 சைஸ் எடுங்கள். அதிலும் மாறாவிட்டால் கான்ஃபிகர் கிருதாவில் டேப்லெட் செட்டிங்ஸ் போய் வின்டேப் என்றிருப்பதை விண்டோஸ் இங்க் என்று மாற்றி, கிருதாவை மூடித் திறங்கள். அங்கேயே டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பொத்தானும் உண்டு. அதில் கிறுக்கினால் அழுத்தம் எண்ணாக ஓடும். எண் மாறினால் டேப்லெட்மேல் குற்றமில்லை.

இன்ஸ்டால்குமார் (12.26)
ஆக, டிரைவர் செட்டிங்தான் பிரச்சினை. முதல் பதிலிலேயே சொன்னேன்.

வாழைமட்டை (12.27)
நீங்கள் நீக்கிப் போடச் சொன்னீர்கள். அவர் இரண்டு முறை நீக்கிப் போட்டார், இரண்டு முறையும் முட்டைதான்.

கித்தான் (12.35)
செட்டிங் சரியானபின் வட்டம் கோணலாக வந்தால் அது செட்டிங் இல்லை. தாள் விலை குறைவு, அவ்வளவுதான் என் வாதம். ஏ4 தாளில் பக்கத்துக்கு 25 வட்டம், நாலு பக்கம் போதும்.

மைதீர்ந்தபேனா (மறுநாள் காலை 7.40)
வட்டம் வட்டமாக வருகிறது. பேசிக்-5இல் கோடும் மெலிந்து தடிக்கிறது, எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. ரிட்டர்ன் ரத்து. நாலு நாளாக டிவியில் ஏதோ பூச்சி ஊர்கிறது என்று மாமியார் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது என் அம்புக்குறிதானாம். நன்றி ஐந்தாவதுலேயர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் வருகிறேன்.

நெல்லைநீலம் (8.15)
பிறந்தநாள் படத்தை இங்கே போடுங்கள் அக்கா.

பச்சைமிளகாய்12 (மூன்று நாள் கழித்து)
எனக்கும் இதே பிரச்சினை. கோடு ஒரே தடிமனாக வருகிறது. என்ன செய்வது?

இன்ஸ்டால்குமார்
எந்த டேப்லெட்? எந்த சாஃப்ட்வேர்?

பச்சைமிளகாய்12
போன்தான். 150 ரூபாய்க்கு ஒரு ரப்பர் முனைப் பேனா வாங்கினேன்.

ஐந்தாவதுலேயர்
அந்தப் பேனாவும் விரலும் போனுக்கு ஒன்றுதான், அழுத்தம் தெரியாது. ஆப் பெயர் சொல்லுங்கள். கோட்டின் இரண்டு முனையையும் தானாக மெலிய வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.