தேர்வு நடக்கும்போது உதடு அசையக்கூடாதாம்: கிளவுட் சர்டிபிகேஷன் எழுதியவர்கள் அனுபவம் சொல்லுங்க

கொருக்குப்பேட்டை தம்பி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏடபிள்யூஎஸ், அதாவது அமேசானின் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர் வசதி), அதன் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ் தேர்வை, எஸ்ஏஏ-சி03 என்பது அதன் குறியீடு, வீட்டிலிருந்தே எழுதினேன். போன ஞாயிறு காலை ஆறரை மணி. எங்கள் தெருவில் அதைவிட்டால் அமைதியான நேரம் கிடையாது, ஏழரைக்கு மேல் தண்ணீர் லாரி வந்துவிடும். அம்மாவையும் தங்கையையும் முதல் நாள் ராத்திரியே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அறையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் காட்டினேன், சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றி வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது.

பத்துப் பன்னிரண்டு கேள்வி தாண்டியிருப்பேன். திரையில் சாட் பெட்டி திறந்தது. உதட்டை அசைத்துப் படிக்கக் கூடாது, இது எச்சரிக்கை என்று கேமரா வழியே கண்காணிப்பவர் எழுதியிருந்தார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை, ஏனென்றால் நான் சத்தம் போடவில்லை, ஆனால் உதடு அசைந்திருக்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், கார்ப்பரேஷன் பள்ளி. ஆங்கிலத்தை வாயில் ஓட்டிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும், அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் தெரிகிறது, வாக்கியமாகச் சேரவில்லை. ஒரே கேள்வியை நாலு தடவை படித்தேன். 65 கேள்விக்கு 130 நிமிஷம், கேள்விக்கு ரெண்டு நிமிஷம்தான். கடைசி 9 கேள்வியைப் படிக்காமலே எதையோ குறித்தேன், தப்புக்கு மார்க் குறைக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

பாஸாக 720 வேண்டும். 694 வந்தது.

தூக்கத்தைக் கெடுப்பது அந்த 26 மார்க் இல்லை. எஸ்க்யூஎஸ், மெசேஜ்களை வரிசையில் வைத்துக்கொடுக்கும் சேவை, அது பற்றி ஒரு கேள்வி வந்தது, ஒரே மெசேஜ் ரெண்டு தடவை கையாளப்படுவது சம்பந்தமாக. அது நான் வீட்டில் கையாலேயே செய்து பார்த்தது. விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது ஒருவர் எடுத்த மெசேஜ் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நேரம், மாற்றாமல் விட்டால் 30 நொடி, நம்ம வேலை அதற்குள் முடியவில்லை என்றால் அந்த மெசேஜ் மறுபடி வெளியே வந்து இன்னொருவர் கைக்குப் போய்விடும். ரேஷன் கடை டோக்கனை வைத்து என் தங்கைக்கே இதை விளக்கியிருக்கிறேன். அதையே தப்பாகக் குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? எப்படிப் படித்தீர்கள்?

காலடிப்பேட்டை அக்கா

தம்பி, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிஷம் கூடுதலாகத் தருகிறார்கள், உனக்கு யாரும் சொல்லவில்லையா? சர்டிபிகேஷன் கணக்கில் உள்ளே போய், தேர்வு ஏற்பாடுகள் கேட்கும் இடத்தில் ஈஎஸ்எல் (ஆங்கிலம் இரண்டாம் மொழி) என்று இருக்கும், அதை வாங்கிவிட்டு அப்புறம்தான் தேதி பதிய வேண்டும். பதிந்த பிறகு வாங்கினால் அந்தத் தேர்வுக்கு ஒட்டாது. ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த தேர்வுக்கும் அதுவே வரும். இதற்குக் காசு கிடையாது, மருத்துவச் சீட்டும் கேட்பதில்லை.

எனக்கும் முதல் தேர்வில் இது தெரியாது. அசோசியேட்டை மூச்சு முட்டித்தான் முடித்தேன். அதற்கு அடுத்த படியான ப்ரொஃபஷனல் எழுதும்போது தெரிந்துகொண்டேன், 75 கேள்வி, 180 நிமிஷம், அதோடு இந்த முப்பது. என் மனசில் நிற்பது அந்த ப்ரொஃபஷனல் தேர்வின் முதல் கேள்விதான். திரை முழுக்க எழுத்து. ஒரு கம்பெனி, அதற்கு இத்தனை கிளை, பழைய டேட்டாபேஸ், இத்தனை மணி நேரத்துக்குள் மீட்க வேண்டும், இப்படிப் போய்க்கொண்டே இருக்கிறது. படித்து முடிக்கும்போது தொடக்கம் மறந்துவிட்டது. கை சில்லென்று ஆகிவிட்டது, ஏசியால் இல்லை.

அப்போதுதான் கடைசி வரியை முதலில் படித்தேன். அங்கேதான் பெரிய எழுத்தில் லீஸ்ட், மோஸ்ட் என்று ஒரு சொல் நிற்கும். பராமரிப்பு வேலை மிகக் குறைவாக இருக்க வேண்டுமா, செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டுமா? நாலு விடையில் ரெண்டு விடை ஓடக்கூடியதாகத்தான் இருக்கும். எது சரி என்று முடிவு செய்வது அந்தச் சொல்தான். பராமரிப்பு குறைய வேண்டும் என்றால் ஈசி2 என்ற வாடகை சர்வரில் நாமே நிறுவும் விடை அடிபடும், சர்வரை அவர்களே பார்த்துக்கொள்ளும் லாம்டா, ஃபார்கேட் பக்கம் போகும். செலவு என்றால் மலிவு விலை சர்வரான ஸ்பாட், எஸ்3 என்ற கோப்புக் கிடங்கின் மலிவு வகையான கிளேசியர் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு மேலே போய்க் கதையைப் படித்தால் எது தேவை, எது சும்மா நிரப்பியது என்று பிரிந்துவிடும்.

படித்தது எல்லாம் மெட்ரோவில்தான். 2021ல் நம் பக்கம் ரயில் வந்ததிலிருந்து காலடிப்பேட்டையில் ஏறினால் கிண்டி வரை இறங்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சேவையின் கேள்வி பதில் பக்கம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் சின்னவன் புத்தகத்தைத் தொட விடமாட்டான்.

மணலி

நான் பாஸ் ஆனவன். 761. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு பயிற்சி மையத்தில் பிடிஎஃப் கொடுத்தார்கள், பெயர் வேண்டாம். நானூறு கேள்வி, விடையோடு. இதை நெட்டுரு போட்டால் போதும் என்றார்கள், போட்டேன், எங்கப்பா லாரி ஓட்டிச் சேர்த்த காசு வேறு, எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற பயம். தேர்வில் பாதி அப்படியே கண்ணுக்குப் பழகியதாக இருந்தது.

அப்புறம் ஒரு இன்டர்வியூ. ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், ரொம்பத் தன்மையாகக் கேட்டார். ப்ரைவேட் சப்நெட்டில், அதாவது இணையத்துக்கு நேர்வழி இல்லாத நெட்வொர்க் பகுதியில் இருக்கும் சர்வர் அப்டேட் வாங்க வெளியே போக வேண்டும், என்ன செய்வீர்கள்? நேட் கேட்வே என்றேன், சட்டென்று, உள்ளிருந்து வெளியே மட்டும் போக விடும் வாசல் அது. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். வரையுங்கள், நேட் கேட்வேயை எந்த சப்நெட்டில் வைப்பீர்கள்? நான் ப்ரைவேட் சப்நெட் பெட்டிக்குள்ளேயே வரைந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. பேனா மூடியை எடுத்து மெதுவாகப் போட்டு மூடினார்.

அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. நேட் கேட்வே இணையத்துக்கு நேர்வழி உள்ள பப்ளிக் சப்நெட்டில் இருக்க வேண்டும், ப்ரைவேட் பக்கத்து ரூட் டேபிளில் (வழிகாட்டும் பட்டியல்) 0.0.0.0/0, அதாவது வெளியே போகும் எல்லாமே, அதை நோக்கிக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரே ஒரு தடவை கையால் செய்திருந்தால் தெரிந்திருக்கும். சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். இன்னும் எந்த இடத்திலும் அதைக் காட்டவில்லை.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்

முதலில் கொருக்குப்பேட்டை தம்பிக்கு: கேள்வியின் விவரம் இதற்கு மேல் போடாதே. உள்ளே போகும்முன் ரகசிய ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறோம். தலைப்பு சொன்னாய், அதோடு நிறுத்திக்கொள்.

மணலி சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை. திருடிய கேள்வித்தாள் வேறு, மாதிரித் தேர்வு வேறு. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் படிக்கிற பிள்ளைகள் மாதிரித் தேர்வையும் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல மாதிரித் தேர்வில் ஒவ்வொரு தப்பு விடையும் ஏன் தப்பு என்று எழுதியிருப்பார்கள், படிக்க வேண்டியது அதைத்தான். 80 சதவீதம் வாங்கிவிட்டேன் என்று அடுத்ததற்கு ஓடுவதில் ஒன்றும் இல்லை.

என் கதை சின்னது. ஆறு வருஷமாக ராத்திரி வேலை, விடியற்காலையில் லேப் (செய்முறைப் பயிற்சி) செய்வேன். ஒரு நாள் நேட் கேட்வே போட்டுவிட்டு அழிக்காமல் தூங்கிவிட்டேன், மாசக் கடைசியில் கார்டில் பணம் போன குறுஞ்செய்தி வந்தது. வீட்டுக்காரம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இப்போது சொல்வதைக் கேளுங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கணக்கு திறந்ததும் ரூட் பயனருக்கு (கணக்கின் முழு அதிகாரம் உள்ளவர்) எம்எஃப்ஏ என்ற இரட்டைப் பூட்டு போடுங்கள், அடுத்த நிமிஷமே பட்ஜெட் அலாரம் வையுங்கள், அது மெயில் மட்டும்தான் அனுப்பும், சும்மா வைத்தால் எதையும் நிறுத்தாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேட் கேட்வே வர்ஜீனியா பகுதியில் மணிக்கு 0.045 டாலர், சின்ன எண்தான், மாசம் முழுக்க விட்டால் 32 டாலருக்கு மேல் ஆகும், அதன் வழியே போகும் டேட்டாவுக்குத் தனியாக. அதை அழித்தாலும் அதோடு இருந்த எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான பொது முகவரி தானாகப் போகாது, 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி எல்லாவற்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள், ஆகவே அதையும் விடுவியுங்கள். எஸ்3க்குப் போக மட்டும்தான் வழி வேண்டும் என்றால் கேட்வே எண்ட்பாயின்ட் என்ற தனி வழி போடுங்கள், அதற்குக் காசே இல்லை. தேர்வும் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கும்.

அப்புறம் விபிசியை, அதாவது கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்கை, எல்லாம் தயாராக வரும் பொத்தானை அழுத்தி உருவாக்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். /24 சப்நெட்டில் 256 முகவரி இருந்தும் 251தான் நமக்கு என்று அப்போதுதான் கண்ணில் படும், ஐந்தை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டி முடித்ததும் வேண்டுமென்றே உடையுங்கள். புதிதாக ஒரு நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் வாசலில் நிற்கும் காவல் விதி) உருவாக்கி உள்ளே வர வெப் போர்ட்டான 80 மட்டும் திறந்துவிட்டு வெப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், வராது. ஏன் வரவில்லை என்று அரை மணி நேரம் முட்டிமோதுங்கள். உள்ளே விட்டதன் பதிலைத் தானாக வெளியே விட அது செக்யூரிட்டி குரூப் (சர்வருக்கே போடும் காவல்) இல்லை, பதில் போகும் 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டை நாம்தான் திறக்க வேண்டும். ஸ்டேட்ஃபுல் (வந்ததை நினைவில் வைப்பது), ஸ்டேட்லெஸ் (வைக்காதது) என்று நூறு தடவை படித்தாலும் ஒட்டாதது அந்த அரை மணியில் ஒட்டிவிடும். மணலி தம்பி, நீயும் இதையே செய், சான்றிதழைத் தூக்கிப் போடாதே. இனிமேல் படித்தாலும் அது உன்னுடையதுதான்.

வியாசை

எண்ணூர் அண்ணா, கையால் செய்யாமல்கூட எனக்கு ஒன்று புரிந்தது. 2023 டிசம்பர் புயல். மிக்ஜாம். ஐந்தாம் தேதி எனக்குத் தேர்வு. நாலாம் தேதி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, தேதியை மாற்றவும் வழியில்லை. லேப்டாப்பைப் பரணில் வைத்துவிட்டு, அம்மா ட்ரங்க் பெட்டியைத் திறந்து என் மார்க் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் ஒற்றிக்கொண்டிருந்தார். மை கரைந்துவிட்டது. ஜெராக்ஸ் இருந்தது, அதே பெட்டியில், அடித்தட்டில்.

நாலைந்து மாசம் கழித்து மறுபடி படிக்க உட்கார்ந்தபோது மல்டி ஏஇசட், அதாவது ஒரே டேட்டாபேஸின் நகலைத் தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகளில் வைப்பது, அந்தப் பாடத்தில் நின்றுவிட்டேன். ஒரே இடத்தில் ரெண்டு நகல் வைத்து என்ன பயன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதில் ஒரு குழப்பம் மட்டும் இருந்தது, ஒரே ஒரு ஸ்டாண்ட்பை வைக்கும் வழக்கமான மல்டி ஏஇசட்டில் காத்திருக்கும் அந்த ஸ்டாண்ட்பை டேட்டாபேஸிலிருந்து நாம் படிக்க முடியாது, அது ஆபத்துக்கு மட்டும். படிக்கும் சுமையைப் பங்கு போட ரீட் ரெப்ளிக்கா. ரெண்டும் வேறு. பாஸ் பண்ணிவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன், இதை எங்கே வைப்பது என்றுதான் முதலில் கேட்டார்.

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் வீடு

எல்லாரும் ஒரே கம்பெனியைப் பற்றியே எழுதுகிறீர்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் இந்தியாவில் இருக்கும் பகுதிகளில் ஒன்று, சவுத் இந்தியா என்பது, நம்ம சென்னையில்தான் இருக்கிறது, 2015லிருந்து.

அஷ்யூர் நிர்வாகிக்கான ஏஇசட்-104 எழுதினேன். அந்தத் தேர்வில் மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற விளக்கப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். கேட்டதும் இனி எதற்கு மனப்பாடம் என்று நினைத்தேன், அதுதான் தப்பு. அதற்கென்று நேரம் கூட்டித் தருவதில்லை. ஒரே ஒரு பவர்ஷெல் கட்டளைக்காகத் தேடப் போய், பக்கம் பக்கமாகத் தாவி, திரும்பி மேலே பார்த்தால் 19 நிமிஷம் போயிருந்தது. 100 நிமிஷத்தில் 19. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். 700 வேண்டும், 712 வந்தது, நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்கிறது. எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பக்கம் உதவும். சான்றிதழ் ஒரு வருஷம்தான், ஆனால் புதுப்பிப்பது இலவசம், வீட்டிலிருந்தே, யாரும் கண்காணிக்கமாட்டார்கள்.

தம்பி, வீடு வேண்டாம், சென்டரில் போய் எழுது. அங்கே நான் உதடு அசைத்துத்தான் படித்தேன், சத்தம் வராதவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்க இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024ல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போய்ப் பார்.

காலடிப்பேட்டை அக்கா

பெரம்பூர் அண்ணா, வீட்டில் எழுதி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவள் எப்படி சென்டருக்கு அலைவாள்? பிரச்சினை வீடு இல்லை, விதிகளை முன்கூட்டியே யாரும் படிக்கச் சொல்லாததுதான்.

கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, அந்த முப்பது நிமிஷம் கிடைத்துவிட்டது, நேற்று மெயில் வந்தது. 14 நாள் காத்திருக்க வேண்டுமே, அது முடிந்த மறுநாளுக்கே தேதி பதிந்துவிட்டேன், 160 நிமிஷம் என்று காட்டுகிறது. மறுபடி 150 டாலரும் வரியும், பாதியை மாமா கொடுத்தார். இந்தத் தடவை சென்டர்.

ராத்திரியில் மொட்டை மாடியில் தங்கை கேள்வியை எனக்குக் காட்டுவாள், நான் கடைசி வரியை முதலில் படித்து அந்த ஒரு சொல்லை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மேலே போக விடுவாள். உதடு அசைந்தால் அவளும் ஒன்றும் சொல்வதில்லை. மணலி அண்ணா, நேட் கேட்வேயை நேற்று நானும் தப்பான பெட்டியில் வரைந்தேன். அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தேன்.

தேர்வு பத்தரைக்கு. கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்க வேண்டும், அதனால் எட்டுக்கே கிளம்புகிறேன்.